லாரியின் மூச்சில் எத்தனை சூடு?

ஒருபுறம் சிறுமலை; மறுபுறம் பழனி மலைத்தொடர்; இடையே விரிந்து கிடக்கும் சமவெளியில் அமைந்தது திண்டுக்கல் நகரம். ஒட்டன்சத்திரம் சந்தையில் ஏற்றப்படும் காய்கறிகள் கேரளத்துக்குச் செல்கின்றன. வத்தலக்குண்டு, தேனி, கம்பம் வழியாகச் செல்லும் சுமைவண்டி, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை மலையேறியாக வேண்டும். அரிசியும் சிமெண்டும் கொடைக்கானலை அடைய வேண்டுமாயின், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தை எட்ட வேண்டும். சிறுமலைச் சாலையிலோ 18 கொண்டை ஊசி வளைவுகள். இச்சாலைகளில் ஓடும் லாரிகளை நம்பி வாழும் குடும்பங்கள் நம் பகுதியில் பல. ஆகவே, லாரி எஞ்சினைப் பற்றிய ஒரு செய்தி குடும்ப இதழுக்கு அயலான செய்தியன்று.

தவணைக்கு வாங்கிய லாரி உள்ள வீட்டில், எஞ்சின் கெடுவது வெறும் இயந்திரக் கோளாறு அன்று. ஏற்றிய காய்கறி நடுவழியில் அழுகும், வாடகை போகும், வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களிலும் தவணைத் தேதி நில்லாது. மனைவியின் நகை அடகுக்குச் செல்வதும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் தள்ளிப்போவதும் அதன் தொடர்ச்சியே. இத்தகைய கேடுகளுள் ஒன்றை முன்கூட்டியே அறிவிக்கும் சிறு கருவி உண்டு. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பத்தை அளந்து, ஓட்டுநரின் கண்முன் முள்ளால் காட்டும் மானி அது.

தண்ணீர் முள் பிந்திச் சொல்லும்

பழைய லாரிகளில் ஓட்டுநருக்கு எஞ்சினின் நலத்தைச் சொல்பவை ஆயில் அழுத்தத்தைக் காட்டும் முள்ளும், ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள்ளுமே. தண்ணீரை 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்தி வைக்கத் தெர்மோஸ்டாட், விசிறி, ரேடியேட்டர் ஆகிய மூன்றும் பாடுபடுகின்றன. எஞ்சினின் இரும்பும் அதைச் சூழ்ந்த நீரும் எடை மிக்கவை. அவை சூடேற நேரம் பிடிக்கும். ஆதலால், உள்ளே பிஸ்டனின் தலை கருகத் தொடங்கிய பின்னரும், தண்ணீர் முள் தன் வழக்கமான இடத்திலேயே அமைதியாக நிற்கக்கூடும்.

புகையின் வெப்பம் அப்படியன்று. ஆக்சிலேட்டரை மிதித்த சில நொடிகளில் ஏறும். காலை எடுத்தால் உடனே இறங்கும். தண்ணீர் முள்ளை மட்டும் நம்புவது, அடுப்பில் எரியும் தீயைப் பாராமல், பானையிலுள்ள நீர் கொதிக்கட்டும் என்று காத்திருப்பதை ஒக்கும்.

டீசலின் தனி இயல்பு

1897-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி இல்லை. நெருக்கப்பட்ட காற்று தானே சூடேறி, அதில் பீச்சப்படும் எண்ணெயை எரிய வைக்கிறது. இங்கே காற்று தடையின்றி உள்ளே வருகிறது. எவ்வளவு எண்ணெய் பீச்சப்படுகிறது என்பதே ஆற்றலைத் தீர்மானிக்கிறது. எண்ணெய் கூடக் கூட ஆற்றலும் கூடும், சூடும் கூடும். அதே அளவு எண்ணெய்க்குக் காற்று குறைந்தாலும் சூடு கூடும்.

காற்று எதனால் குறைகிறது? கோடைக்காலப் புழுதி ஏர் ஃபில்டரை அடைத்துக்கொள்ளலாம். டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருக்கலாம். கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தமே கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. இவற்றோடு, இழுவை போதவில்லை என்று பம்பின் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டி வைப்பதும் சேர்ந்தால், கரும்புகையும் கடுஞ்சூடும் இணைந்தே வரும்.

லாரி பிஸ்டன்களில் பல அலுமினியக் கலவையால் ஆனவை. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும்; அதற்கு வெகு முன்பே வலிமை இழக்கும். எரிதலின் உச்சத்தில் சிலிண்டருக்குள் வெப்பம் 2,000 டிகிரியையும் தாண்டுகிறது. ஆனால் அது ஒரு கணமே. அடுத்து நுழையும் காற்றும், அடியிலிருந்து தெறிக்கும் ஆயிலும் பிஸ்டனைக் குளிர்வித்துக் காக்கின்றன. அந்தச் சமநிலை நீடித்த ஏற்றத்தில் குலையும்போதுதான் பிஸ்டன் உருகுவதும், டர்போ பழுதாவதும் நேர்கின்றன.

இரு உலோகங்களின் சந்திப்பு

இவ்வளவு கடுமையான வெப்பத்தைக் கண்ணாடிக் குழாயில் பாதரசம் வைத்து அளக்க இயலாது. 1821-இல் தாமஸ் சீபெக் என்னும் அறிவியலாளர் கண்டறிந்த உண்மை இங்கே துணை நிற்கிறது. இரு வேறு உலோகங்களின் முனைகளை இணைத்து, அவ்விணைப்பைச் சூடாக்கினால், மறுமுனைகளில் சிறிதளவு மின்னழுத்தம் தோன்றும். இதுவே வெப்ப மின்னிரட்டை. பட்டறை வழக்கில் தெர்மோகப்பிள்.

லாரிக்குப் பயன்படும் வகையில் ஒரு கம்பி நிக்கலும் குரோமியமும் கலந்தது. மற்றது நிக்கலும் அலுமினியமும் கலந்தது. 700 டிகிரியில் அது தரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 29 மில்லிவோல்ட். ஒரு டார்ச் செல்லில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே. அச்சிறு குரலை மானி முள்ளாக மாற்றிக் காட்டுகிறது.

துளையிடும் வேலை

சிலிண்டர்களின் புகை வந்து கூடும் வார்ப்பிரும்புக் குழாயை மேனிஃபோல்ட் என்கிறோம். உணர்முனையை அதில், டர்போவுக்கு முன்பாக, பல சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் இடத்தில் பொருத்துவதே நன்று. டர்போவைத் தாண்டிய பின் அளந்தால், சுமையேற்றத்தின்போது 100 முதல் 150 டிகிரி வரை குறைவாகக் காட்டும், உண்மை மறைந்துபோகும்.

வழக்கமான உணர்முனைக்கு எட்டில் ஓர் அங்குலக் குழாய் மரை வேண்டும். அதற்குச் சுமார் எட்டரை மில்லிமீட்டர் துளையிட்டு, டேப்பினால் மரை வெட்ட வேண்டும். துளையிடுவது பெரிய வித்தையன்று. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டைச் செய்யும் ஊரில் அரமும் துரப்பணமும் அறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் இங்கே ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று என்னும் அளவில் சுழலக்கூடியது. துளையிடும்போது உள்ளே விழும் இரும்புத் துணுக்கு அதன் இதழ்களைச் சிதைத்துவிடும். எஞ்சினைக் காக்கச் செய்த வேலையே எஞ்சினைக் கெடுத்ததாக முடியும்.

ஆகவே, எஞ்சின் நன்கு ஆறிய பின் மேனிஃபோல்டைக் கழற்றி, மேசைமீது வைத்துத் துளையிட்டு, துணுக்குகளை முற்றிலும் துடைத்த பின் மாட்டுவதே சிறந்தது. மாட்டும்போது புதிய கேஸ்கட் போட வேண்டும். கழற்றாமல் துளையிட்டே ஆக வேண்டுமெனில், துரப்பணத்திலும் டேப்பிலும் கிரீஸ் தடவி, சிறிது சிறிதாக வெட்டி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்து, இறுதியில் காந்தக் கோலால் தேட வேண்டும். வார்ப்பிரும்புத் துணுக்குகள் காந்தத்தில் ஒட்டும் என்பது நமக்கு நன்மையே. ஆனாலும் ஒன்றும் எஞ்சவில்லை என்ற உறுதியை இம்முறை தராது.

முனை குழாயின் சுவரைத் தொடாமல், புகையோட்டத்தின் நடுவே நிற்க வேண்டும். மரை இறுகிப்போகாதிருக்க, அதற்கென உள்ள வெப்பம் தாங்கும் பசையைத் தடவலாம். முதல் ஓட்டத்துக்குப் பின், ஆறியதும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது நல்லது.

மின்கம்பியிலும் கவனம் தேவை. கம்பி நீளம் போதாவிடில், சாதாரணச் செப்புக் கம்பியை ஒட்டுப்போடலாகாது. தெர்மோகப்பிளுக்குரிய கம்பியையே பயன்படுத்த வேண்டும். இல்லையேல் அளவு பிழைபடும். முனைகளை மாற்றி இணைத்தால் சூடு ஏற ஏற முள் இறங்கும். அமெரிக்க முறையில் செய்யப்பட்ட கம்பியில் சிவப்பு நிறம் எதிர்முனையைக் குறிக்கும். சிவப்பென்றால் நேர்முனை என்று பழகிய நம் எலக்ட்ரீசியன்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

முள் சொல்வதும் நாம் செய்வதும்

டர்போவுக்கு முன் அளக்கும்போது, ஏறத்தாழ 700 டிகிரியைத் தொடர்ந்து தாண்டலாகாது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. எஞ்சினைத் தயாரித்தவர் வேறு எல்லை கூறியிருந்தால் அதுவே முடிவு. முள் எல்லையை நெருங்கினால் ஓட்டுநர் செய்ய வேண்டியது எளிது: ஆக்சிலேட்டரைச் சற்றே தளர்த்திக் கீழ்க் கியருக்கு மாற்ற வேண்டும். எஞ்சினின் சுற்று கூடும், காற்றும் தண்ணீரும் மிகுதியாக ஓடும், சூடு தணியும். உயர்ந்த கியரிலேயே எஞ்சினை முக்க விடுவதுதான் தீங்கு.

ஏற்றம் முடிந்து தேநீர்க் கடையில் நிறுத்தும்போதும் மானி உதவும். முள் 200 டிகிரி அளவுக்கு இறங்கும் வரை, இரண்டு மூன்று நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அணைத்தால், டர்போவின் பேரிங்கில் ஆயில் கருகாது. ஒரே சாலையில் ஒரே சுமைக்கு முன்பைவிட முள் உயர்ந்து நிற்குமாயின், ஏர் ஃபில்டரையும் ரப்பர்க் குழாயையும் பம்பையும் பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று பொருள்.

புதிய வண்டி வைத்திருப்போர் இதற்காகத் துளையிட வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கேற்பச் செய்யப்படும் லாரிகளில், புகையின் வெப்பத்தை உணரும் சென்சார்கள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படுகின்றன. அவற்றில் கை வைத்தால் உத்தரவாதமும் போகும். புகை தூய்மையாக்கும் அமைப்பும் குலையும். மேற்கூறிய யாவும் டர்போ உள்ள பழைய வண்டிகளுக்கே பொருந்தும்.

இறுதியாக, வண்டி உரிமையாளர்களுக்கு ஒரு சொல். மானி சூட்டைக் காட்டும். காலைத் தளர்த்துவது மனிதனே. விடியுமுன் சந்தையை அடைந்தாக வேண்டும் என்று தொலைபேசியில் விரட்டப்படும் ஓட்டுநர், முள்ளைப் பார்த்தும் பாராதவராய் மிதித்துக்கொண்டே போவார். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியவருக்கு எந்த மானியும் துணைசெய்யாது. குமுளி ஏற்றத்தில் அரை மணி நேரம் பிந்தி வந்த ஓட்டுநரைச் சோம்பேறி என்று ஏசுமுன், அந்த அரை மணி நேரத்தில் அவர் காத்தது யாருடைய சோற்றை என்று எண்ணிப் பார்ப்போமாக. அது உரிமையாளர் வீட்டுச் சோறும் ஆகும். ஓட்டுநர் வீட்டுச் சோறும் ஆகும்.