மவுண்ட் ரோட்டில் பிறந்த நீராவிக் கார்

குதிரைக்குச் சேணம் தைப்பதிலும் செல்வர்களுக்குச் சாரட்டு வண்டி கட்டுவதிலும் பெயர் பெற்றிருந்த, சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்த சிம்சன் நிறுவனத்தில், 1903ஆம் ஆண்டு, சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் நீராவிக் கார் என்று மோட்டார் வரலாற்றில் இடம்பெற்றிருப்பது அதுவே.

1840இல் தொடங்கிய வண்டிப் பட்டறை ஒன்று காரில் கைவைத்தது வியப்புக்குரியதன்று. அக்காலத்து உயர்வகைக் கார்களில், இயந்திரமும் சக்கரங்களும் பூட்டிய அடிச்சட்டமாகிய சேஸிஸை ஒருவர் செய்ய, அதன்மேல் பயணிகள் அமரும் கூட்டை வேறொருவர் கட்டுவதே வழக்கமாக இருந்தது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம்கூட இரண்டாம் உலகப் போர் முடியும்வரை சேஸிஸை மட்டுமே விற்றுவந்தது. ஆகவே காரின் சொகுசு என்று மக்கள் கண்டதில் பெரும்பகுதி தச்சரும் தோல் தைப்போரும் வண்ணம் பூசுவோரும் தந்த சொகுசே ஆகும். இயந்திரம் செய்தவரின் பெயரை மட்டும் நினைவில் வைக்கும் வரலாறு இவர்களுக்கு உரிய இடத்தைத் தரவில்லை.

கிரீன் நீராவியைத் தேர்ந்ததையும் பிற்கால அறிவைக் கொண்டு குறைத்து மதிப்பிடலாகாது. 1900இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஏறத்தாழ 4,200 மோட்டார் வண்டிகளில் நீராவி வண்டிகளே மிகுதி. பெட்ரோல் வண்டிகள் ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. கொதிகலனில் அழுத்தம் ஏறிய நீராவி பிஸ்டனைத் தள்ள, அந்த விசை வண்டி நின்ற நிலையிலேயே முழு வலுவுடன் கிடைப்பதால், இத்தகைய கார்களுக்குப் பொதுவாகக் கியர் மாற்றும் வேலையே இல்லை. பெட்ரோல் வண்டியின் அதிர்வும் இரைச்சலும், கையால் ஹேண்டிலைச் சுற்றிக் கிளப்பும் தொல்லையும் இல்லை. ஆயினும் நீர் கொதித்து அழுத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். நீராவி வெளியேறியபடியே இருப்பதால் வழியில் அடிக்கடி தண்ணீரும் நிரப்ப வேண்டும். 1912இல் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்து ஹேண்டில் தொல்லையை நீக்கியதும், நீராவிக்கு இருந்த பெரிய அனுகூலம் ஒன்று போயிற்று.

அதற்கு முன்பே, 1905இல், சிம்சன் நீராவிப் பேருந்து ஒன்றையும் உருவாக்கி, ஆந்திரப் பகுதியில் பெசவாடாவுக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் இடையே ஓடச் செய்தது. செல்வர்க்கென்று பிறந்த மோட்டார் வண்டி பொதுமக்களுக்கும் உரியதாக மாறிய அந்தப் பாதையில்தான் மதுரையின் பங்கும் தொடங்குகிறது. 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் அங்கு நிறுவிய டி.வி.எஸ். நிறுவனம், பேருந்துப் போக்குவரத்தை ஊர்ப்புறங்களுக்குக் கொண்டுசென்றது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம் ஏற்பட்டபோது, அதே நிறுவனம் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, கிடைக்கும் வாயுவால் இயந்திரத்தை ஓட்டும் ‘டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்’ என்ற கருவியைச் செய்து தந்தது. நீராவியோடு போய்விட்டதாகக் கருதப்பட்ட அடுப்பு, மீண்டும் வண்டியில் ஏறிக்கொண்டது. புறப்படுமுன் விசிறியைச் சுற்றிக் கரியை மூட்டுவதும் பேருந்து ஊழியரின் அன்றாட வேலைகளுள் ஒன்றாயிற்று.