ஒரு கம்பிதானே என்று விடாதீர்கள்

ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளின் பின்சக்கரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு ஸ்போக்ஸ் கம்பி அறுந்து தொங்குகிறது. "மிச்சம் முப்பத்தொன்பது இருக்கே" என்று அதைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு மிதிக்கிறவர்கள்தான் நம்மூரில் அதிகம். சக்கரம் கெடுவதே அங்கேதான் தொடங்குகிறது.

நம்முடைய பழைய கறுப்பு சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. ஆளும் கேரியர் சுமையும் பின்னால் இறங்குவதால் அந்த எட்டு கூடுதல். மாட்டு வண்டியின் ஆரக்கால் பாரத்தை நின்று தாங்கும். சைக்கிள் கம்பியை அப்படி நிறுத்தினால் வளைந்துவிடும். அதனால்தான் எல்லாவற்றையும் விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஹப்பிலிருந்து கம்பிகளைச் சாய்வாகப் பின்னும் முறைக்கு இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-ல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் பெரும்பாலும் அதே பின்னல்தான்.

சக்கரம் சுற்றும்போது தரைப்பக்கம் வருகிற கம்பி சற்றுத் தளர்ந்து, மேலேறும்போது மறுபடி விறைக்கும். பத்து கிலோமீட்டர் போனால் ஒவ்வொரு கம்பிக்கும் இது ஏறக்குறைய 4,500 முறை நடக்கிறது. முறுக்கு குறைந்த சக்கரத்தில் இந்த ஆட்டம் கம்பியைச் சீக்கிரம் களைக்க வைக்கும். ஹப்பில் கொக்கிபோல் வளைந்த இடத்தில்தான் பெரும்பாலும் அறும். பழியைச் சுமைமேல் போடுகிறோம். பல நேரம் குற்றவாளி தொய்வுதான்.

ஃப்ரீவீல் பக்கம் அறுந்தால் வேலை கூடுதல். ஃப்ரீவீலைக் கழற்றினால்தான் புதுக் கம்பியை நுழைக்க முடியும். அதற்குச் சோம்பி, பக்கத்துக் கம்பிகளை முறுக்கிக் கோட்டத்தை மறைத்து அனுப்பும் கடைகளும் உண்டு. அதை ஏற்காதீர்கள், அடுத்த கம்பிக்கு நாள் குறித்தாகிவிட்டது.

நல்ல மெக்கானிக் அதே நீளக் கம்பியை எடுத்து, பழையது போன வழியிலேயே பின்னி, நிப்பிளை ஏற்றுவார். பிறகு சக்கரத்தைச் சுழற்றி, ஃபோர்க்கை ஒட்டி ரிம்முக்கு நேரே சாக்பீஸைப் பிடிப்பார். சுண்ணாம்பு பட்ட இடத்தில் ரிம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கக் கம்பிக்குக் கால் சுற்று இறுக்கம், இந்தப் பக்கத்துக்குக் கால் சுற்றுத் தளர்வு. மறுபடி சுழற்றுவார். ஒரே தடவையில் அரைச் சுற்று, முழுச் சுற்று என்று முறுக்குகிறவருக்குக் கோட்டம் எடுக்கத் தெரியாது. கடைசியில் ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் தட்டிப் பார்ப்பார். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ஓசை தர வேண்டும். நிப்பிளுக்கு மேல் நீட்டிய முனையையும் ராவிவிட வேண்டும், இல்லையென்றால் டியூப் பஞ்சர்.

புதுச் சக்கரத்தின் கம்பிகள் முதல் சில வாரங்களில் கொஞ்சம் தளரும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிளுக்கும் இது பொருந்தும். தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சைக்கிள் கொடுத்த அடுத்த மாதம், உள்ளூர் சைக்கிள் கடைக்காரரை ஒரு நாள் பள்ளிக்கு அழைத்து எல்லாச் சக்கரங்களையும் முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு உரிய கூலியும் கொடுங்கள்.