யார் மேலும் தப்பில்லாத வித்தியாசம்

சரக்கு இருப்பும் ஏடும் ஒத்துவரவில்லை என்றால் "எங்கேயோ இடிக்குதே" என்கிறோம். இரண்டு சாட்சிகள் வேறு வேறாகச் சொன்னாலும் அதே பேச்சுதான். அன்றாடத்தில் வித்தியாசம் என்றாலே, யாரோ தவறியிருக்கிறார்கள் என்ற சந்தேகமும் கூடவே வந்துவிடுகிறது.

கணிதத்தில் 'டிஸ்கிரிபன்சி' யாரையும் சந்தேகிப்பதில்லை. சமமாக இருக்கவேண்டிய இரண்டு பக்கங்களில், ஒரு பக்கம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதன் அளவு அது. அதை எதுவரை குறைக்கலாம், எதற்குமேல் குறைக்கவே முடியாது என்று ஆராயத் தனித் துறையே உண்டு.

ஹங்கேரியக் கணிதர் பால் எர்டிஷ் 1930களில் கேட்ட கேள்வி ஒன்றைப் பார்க்கலாம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3 என்று எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் கூட்டல் அல்லது கழித்தல் குறி போடுங்கள். கூட்டலுக்கு +1, கழித்தலுக்கு -1. வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் எந்த இடத்தில் நிறுத்தினாலும் வித்தியாசம் 1-ஐத் தாண்டக்கூடாது. 2, 4, 6 என்று இரண்டிரண்டாகத் தாவினாலும், 3, 6, 9 என்று மும்மூன்றாகத் தாவினாலும், எப்படித் தாவினாலும் இதே நிபந்தனை.

கூட்டல், கழித்தல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் போதாதா? போதாது. இரண்டிரண்டாகத் தாவினால் எல்லாமே கழித்தலாகிவிடும்.

நிபந்தனை தப்பாமலிருக்க, எந்தத் தாவலிலும் முதல் இரண்டு குறிகள் எதிரெதிராக இருக்கவேண்டும். மூன்றாவதும் நான்காவதும் அப்படியே, அடுத்தடுத்து வரும் இணைகளும் அப்படியே. 1-க்குக் கூட்டல் போடுங்கள். 2 கழித்தல். 2, 4 எதிரெதிர் என்பதால் 4 கூட்டல். 3, 4 எதிரெதிர், 3 கழித்தல். 3, 6 எதிரெதிர், 6 கூட்டல். 5, 6 எதிரெதிர் என்பதால் 5 கழித்தல்; 5, 10 எதிரெதிர், 10 கூட்டல்; 9, 10 எதிரெதிர், 9 கழித்தல். 6, 12 எதிரெதிர் என்பதால் 12-ம் கழித்தல். இப்போது மும்மூன்றாகத் தாவுங்கள்: 3, 6, 9, 12. மூன்றாவதான 9-ம் நான்காவதான 12-ம் கழித்தலாகவே நிற்கின்றன. கூட்டினால் -2. முதலில் கழித்தல் போட்டிருந்தாலும் இதே கதிதான், குறிகள்தான் தலைகீழாகும்.

இதில் எந்த இடத்திலும் நமக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 11 எண்கள் வரை சமாளிக்கலாம். 12-ல் யார் போட்டாலும் உடையும்.

சரி, 2 வரை அனுமதித்தால்? 2014-ல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் போரிஸ் கோனெவும் அலெக்சேய் லிசிட்சாவும் கணினியைக்கொண்டு விடை கண்டார்கள்: 1160 எண்கள் வரை முடியும், 1161-ல் முடியாது. அந்த நிரூபணத்தின் கோப்பு ஏறத்தாழ 13 ஜிகாபைட். மனிதர் உட்கார்ந்து படித்துச் சரிபார்க்கும் அளவு அல்ல.

வரம்பை நூறாக, கோடியாக உயர்த்தினால்? 2015-ல் கணிதர் டெரன்ஸ் தாவ் எல்லா வரம்புகளுக்கும் சேர்த்தே விடை சொன்னார். எவ்வளவு பெரிய வரம்பு வைத்தாலும், எவ்வளவு கவனமாகக் குறி போட்டாலும், முடிவில்லாத வரிசையில் ஏதோ ஒரு தாவல் அதைத் தாண்டியே தீரும்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது இதுதான். வித்தியாசத்தைக் கண்டதும் தவறியவரைத் தேடுகிறோம். பல நேரம் அது சரிதான். ஆனால் கேட்ட சமநிலை சாத்தியமா என்பது அதற்கும் முந்திய கேள்வி. எர்டிஷின் வரிசையில் அதற்கு விடை, 'இல்லை'. அங்கே குற்றவாளியைத் தேடுவது வீண்வேலை.