பி.ஏ. பட்டமும் இன்ஷ்யூரன்ஸ் உத்தியோகமும்

கலைப் பாடம் படிக்கும் மாணவருக்கு வீட்டிலும் வெளியிலும் ஓயாமல் கிடைக்கும் உபதேசம் ஒன்றுண்டு. "சரித்திரமும் இலக்கியமும் படித்தால் வாத்தியார் வேலைதான், அதுவும் கிடைத்தால்!" என்பதே அது. உபதேசம் செய்வோர் நம்முடைய நன்மையைக் கருதியே சொல்கின்றனர். ஆயினும், குர்லா ஸ்டேஷனில் இறங்கிக் கலினா வளாகத்துக்குப் பஸ் ஏறும் நம் மாணவர்கள், பக்கத்திலேயே இருக்கும் ஒரு வாசலைக் கவனிப்பதில்லை. 1955-இல் தோன்றிய இந்திய இன்ஷ்யூரன்ஸ் கழகம் பாந்த்ரா-குர்லா வட்டாரத்தில்தான் இருக்கிறது. அத்துறையின் தேர்வுகளை நடத்துவது அக்கழகமே.

இன்ஷ்யூரன்ஸ் என்றதும், கைப்பையும் புன்சிரிப்புமாக வீடு தேடி வரும் ஏஜெண்டுதான் நம் நினைவுக்கு வருகிறார். அவருக்குப் பின்னால் இருக்கும் ஸ்தாபனம் எவ்வளவு பெரியது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 1956 செப்டம்பர் 1-ஆம் தேதி, 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு, ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பொரேஷன் பிறந்தது. தீ, கப்பல், வாகனம் முதலிய பொது இன்ஷ்யூரன்ஸை நடத்திவந்த 107 கம்பெனிகள், 1973-இல் நான்கு அரசாங்கக் கம்பெனிகளாயின. அவற்றுள் நியூ இந்தியாவின் தலைமையகம் மும்பையில். யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில். 2000-ஆம் ஆண்டு முதல் தனியார் கம்பெனிகளுக்கும் கதவு திறந்தது. ஆயுள் கார்ப்பொரேஷனின் தலைமை அலுவலகம் நம் நகரத்தின் நரிமன் முனையில் உள்ளது. வேறு ஊரார் மும்பைக்கு வந்து தேடும் தொழில் இது.

இத்தொழிலில் கலைப் பட்டதாரிக்கு என்ன வேலை? இதை விளங்கிக்கொள்ள, 2005 ஜூலை 26-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு கரை கடந்தது. குர்லாவிலும் கலினாவிலும் வீடுகளும் கடைகளும் கிடங்குகளும் வண்டிகளும் மூழ்கின. தண்ணீர் வடிந்த பின் எழுந்த கேள்விகள் யாவும் சொற்களைப் பற்றியவை. கடைக்காரர் எடுத்திருந்த தீக்காப்புப் பாலிசியில் வெள்ளமும் சேர்ந்ததா? அக்காலத்தில் வெள்ளம், புயல் முதலிய அபாயங்களை நீக்கிக்கொண்டு பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ள வழியிருந்தது. அவ்வாறு சில ரூபாய் மிச்சம் பிடித்தவருக்கு, பாலிசி கையில் இருந்தும் வெள்ளச் சேதத்துக்கு ஈடு இல்லை. தண்ணீரில் நின்ற காரைச் சாவி போட்டுக் கிளப்பப் பார்த்ததால் என்ஜின் கெட்டிருந்தால், அது வெள்ளத்தால் வந்த சேதமா, கிளப்பியதால் வந்த சேதமா? இது இன்றும் வழக்குக்கு இடமளிக்கும் கேள்வி.

பாலிசி என்பது எழுதிக் கொடுத்த வாக்குறுதி. எழுதியதைப் படித்துப் பொருள் காண்பதும், சொன்னது மெய்யா என்று சாட்சியங்களை வைத்துத் தீர்மானிப்பதும் இத்தொழிலின் உயிர்நாடி. செய்யுளுக்குப் பொருள் கண்ட மாணவனும், ஒரே சம்பவத்தைப் பற்றிய மூன்று முரண்பட்ட ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்த்த சரித்திர மாணவியும் இந்தப் பயிற்சியைத்தானே பெறுகின்றனர்? பாலிசியின் வாசகம் இரு பொருளுக்கு இடந்தருமானால், அதை எழுதிய கம்பெனிக்குப் பாதகமான பொருளையே கொள்வது நீதிமன்றங்களின் மரபு. ஆகவே ஒரு சொல்லின் விலை பல லட்சமாகவும் இருக்கலாம்.

வேலைகளின் வகைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். விண்ணப்பத்தைப் பரிசீலித்து, ஏற்கலாமா, எந்தப் பிரீமியத்தில் ஏற்கலாம் என்று முடிவு செய்வது ஒன்று. நஷ்டம் நேர்ந்த பின் கிளெய்மை ஆராய்ந்து தீர்ப்பது மற்றொன்று. குறைகளைக் கேட்டுப் பதில் எழுதுவது, ஏஜெண்டுகளுக்குப் பயிற்சி தருவது, கிளை நிர்வாகம், விளம்பரம் எனப் பிறவும் உண்டு. பிரீமியக் கணக்கின் அடிப்படையை வகுக்கும் ஆக்சுவரி என்ற நிபுணராவதற்குக் கணிதத்திலும் புள்ளியியலிலும் நல்ல பிடிப்பு வேண்டும். அது எல்லாருக்கும் உரிய பாதையன்று.

நுழைவது எப்படி? ஆயுள் கார்ப்பொரேஷனின் உதவி நிர்வாக அதிகாரிப் பதவியில் பொதுப் பிரிவு வேலைக்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் போட்டித் தேர்வு எழுதலாம். அரசாங்கப் பொது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளிலும் நிர்வாக அதிகாரிப் பதவிகள் உண்டு. அவற்றில் மதிப்பெண் வரம்பும் விதிப்பது வழக்கம். வயது முதலிய நிபந்தனைகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்க. இத்தேர்வுகளில் கணக்கும் தர்க்கமும் தவறாமல் வரும். பத்தாம் வகுப்போடு கணக்குக்கு விடை கொடுத்த நண்பர்கள், கல்லூரி நாட்களிலேயே தினம் அரை மணி அதற்கு ஒதுக்கட்டும். குர்லா வட்டாரத்துக் கழகம் நடத்தும் லைசென்ஷியேட், அசோசியேட், பெல்லோ என்ற மூன்று படித் தேர்வுகளில் முதற்படியைப் படிக்கும்போதே எழுதிவிட்டால், வேலை தேடும்போது கையில் ஒரு சான்று இருக்கும்.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். ஏஜெண்டு வேலை கமிஷனை நம்பியது. மாதச் சம்பளம் இல்லை. சில தனியார் விளம்பரங்களில் 'மேனேஜர்' என்ற பெயர் பளபளக்கும். வேலையோ மாதாமாதம் இத்தனை பாலிசி விற்றுத் தரவேண்டும் என்பதாக இருக்கும். விற்பனை இழிவான தொழிலன்று. திறமையுள்ளவர் அதில் நன்றாகவே வாழ்கிறார்கள். ஆனால் சேருவதற்கு முன், சம்பளம் எவ்வளவு, விற்பனை இலக்கு எவ்வளவு, எட்டாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். வேலைக்கு முன்பணம் கேட்கும் இடத்திலிருந்து உடனே திரும்பி விடுங்கள்.

மும்பைத் தமிழ் மாணவருக்கு இன்னொரு மூலதனம் இருக்கிறது. நாம் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும் மராத்தியும், வகுப்பில் ஆங்கிலமும் பேசுகிறோம். அரசாங்கக் கம்பெனிகளின் உதவியாளர் பதவிகளுக்கு, விண்ணப்பிக்கும் மாநிலத்தின் மொழியைப் படிக்கவும் எழுதவும் பேசவும் தெரிய வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. மகாராஷ்டிரத்துக்கு மராத்தி, தமிழ்நாட்டுக்குத் தமிழ். கடைத்தெரு மராத்தியும் வீட்டுத் தமிழும் அங்கே போதா. இரண்டையும் எழுதப் பழகியவருக்கு இரண்டு மாநிலங்களின் கதவும் திறக்கும்.

இதில் வயிற்றுப் பிழைப்புக்கு மேற்பட்ட விஷயமும் அடங்கியிருக்கிறது. தாராவித் தோல் பட்டறைத் தொழிலாளி ஒருவர் ஆயுள் பாலிசி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் ஆங்கிலத்தில். 'முன்பு வியாதி உண்டா?' என்ற கேள்வியை அவரிடம் கேளாமலே யாரோ 'இல்லை' என்று எழுதிவிடுகிறார். இவர் தமிழில் கையெழுத்திடுகிறார். இரண்டு ஆண்டுகளில் இறந்துபோனால், உண்மையை மறைத்தார் என்று கம்பெனி பணம் தர மறுக்கக்கூடும். சட்டத்தின் 45-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு, மூன்று ஆண்டுகள் கடந்த பின்பே முழுமையாகிறது. தாய்மொழியில் கையெழுத்திடுவோருக்கு விவரத்தை விளக்கிச் சொன்னதாக ஒருவர் உறுதிமொழி எழுதித்தர வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் ஒப்புக்குக் கையெழுத்துப் போடுகிறவர் இருந்தால் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துக் காட்டி, சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறவர் இருந்தால் அக்குடும்பத்துக்குச் சேரவேண்டிய பணம் சேரும்.

நண்பர்களே, இத்துறைக்கு வேண்டியவர்கள் தெளிவாகப் படிக்கவும், பொறுமையாகக் கேட்கவும், கேட்டதை உண்மையாக எழுதவும் தெரிந்தவர்கள். அதற்கான பயிற்சியை நம் வகுப்பறைகள் தருகின்றன. அத்துடன் கொஞ்சம் கணக்கையும் சேர்த்துக்கொண்டு, அந்த வாசலை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.