வடிகால் ஈ

வடிகால் ஈ என்பது குளியலறை, கழிவறைச் சுவர்களில் அசையாமல் ஒட்டியிருக்கும் அல்லது இறந்து காணப்படும் எள்ளளவான, மயிரடர்ந்த பூச்சியாகும். சிறிய அந்துப்பூச்சி போலத் தோன்றுவதால் அந்து ஈ என்றும் அழைக்கப்படுகிறது. இது சைக்கோடிடே குடும்பத்தைச் சேர்ந்தது. வெப்பமான நாடுகளின் வீடுகளில் பரவலாகக் காணப்படும் இனமான குளொக்மியா அல்பிபங்டாட்டா, 1893 இல் வில்லிஸ்டன் என்பவரால் விவரிக்கப்பட்டது.

அடையாளம் காணல்

முதலில் இறக்கைகளை எண்ண வேண்டும். அந்துப்பூச்சிக்கு நான்கு இறக்கைகள்; ஈ இனங்களுக்கு இரண்டே. பின்னிறக்கைகளின் இடத்தில் சிறு குமிழ்கள் மட்டுமே இருக்கும். வடிகால் ஈயின் உடல் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிமீட்டர் நீளமுடையது. உணர்கொம்புகள் மணி கோத்தாற்போல் இருக்கும். இறக்கைகள் அகன்று, நுனியில் கூர்மையாகி, இலை வடிவில் அமைந்துள்ளன. ஓரங்களில் வெண்புள்ளிகள் உண்டு.

இறந்த பூச்சியில் இப்புள்ளிகளை முழுமையாக நம்ப இயலாது. இறக்கையின் மயிர், விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். அப்போது உருப்பெருக்குக் கண்ணாடியால் நரம்புகளைப் பார்க்கலாம். குறுக்கு நரம்புகள் அடிப்பகுதியில் மட்டும் இருக்க, நீள நரம்புகள் ஏறக்குறைய இணையாக ஓரம்வரை ஓடும். பழ ஈ முதலிய பிற சிறு ஈக்களில் இவ்வமைப்பு இல்லை.

மணல் ஈயுடன் மயக்கம்

இக்குடும்பத்திலேயே குருதி உறிஞ்சும் மணல் ஈக்களும் அடங்கும் என்பதால், சரியாக அடையாளம் காண்பது முக்கியமாகிறது. அவற்றுள் பிளெபோடோமசு அர்ஜென்டிபெஸ் இந்தியாவில் கருங்காய்ச்சலைப் (காலா அசார்) பரப்புவது. பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், உத்தரப் பிரதேசம் ஆகியவை இந்நோய் நிலைகொண்ட மாநிலங்களாகும். நோய்க்கிருமியை 1903 இல் லீஷ்மனும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டோனவனும் தனித்தனியே அறிவித்தனர். மணல் ஈயின் கடியால் அது மனிதருக்குப் பரவுவதை 1942 இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் நிறுவினர்.

உயிருள்ள மணல் ஈ இறக்கைகளை மேல்நோக்கி விரித்து நிற்கும். வடிகால் ஈ கூரைபோல் சாய்த்து வைத்திருக்கும். இறந்தபின் இந்நிலை மாறிவிடக்கூடும் என்பதால் இறக்கை வடிவத்தையே நோக்க வேண்டும். மணல் ஈயின் இறக்கை ஈட்டிமுனை போல் ஒடுங்கியது, கால்கள் மெலிந்து நீண்டவை, குத்தும் வாயுறுப்பு தெளிவாக நீண்டிருக்கும். வடிகால் ஈ கடிப்பதில்லை. எனினும் இறந்த ஈக்களின் துகள்கள் சிலருக்கு ஒவ்வாமையால் மூச்சிரைப்பை உண்டாக்கலாம்.

பெருக்கமும் கட்டுப்பாடும்

மணல் ஈ மாட்டுத்தொழுவ மண், மண்சுவர் வெடிப்பு போன்ற இடங்களில் வளர்கிறது. வடிகால் ஈயின் புழுக்களோ வடிகுழாயின் உட்புறம் படியும் வழுவழுப்பான பாசிப்படலத்தை உண்டு வாழ்கின்றன. முட்டையிலிருந்து ஈயாக ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகும். எந்த வடிகாலிலிருந்து வருகின்றன என்றறிய, ஒளிபுகும் ஒட்டுநாடாவை அதன் வாயின் குறுக்கே, காற்றுப்போக இடைவெளி விட்டு, இரவில் ஒட்டிவைக்கலாம். வெளிவரும் ஈக்கள் அதில் சிக்கும். சுவரில் பூச்சிக்கொல்லி தெளிப்பது பெரும்பாலும் வீண் வேலையே. முதிர்ந்த ஈக்கள் மடியும், புழுக்கள் குழாய்க்குள் தொடரும். நீண்ட தூரிகையால் படலத்தைத் தேய்த்து அகற்றுவதே பயன் தரும்.