கணினிக் காப்பு: அலுவிகாரை உணர்த்தும் பாடம்

மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையை அடுத்து அலுவிகாரைக் குகைக்கோயில் அமைந்துள்ளது. வாய்மொழியாகப் பேணப்பட்டுவந்த பாளித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், இங்கேயே முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சமும் போரும் ஓதுவோர் தொகையைக் குறைத்தமையே அம்முயற்சிக்குக் காரணம் என்பர். 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது இவ்விகாரையின் ஏட்டுச் சேமிப்பு அழிவுற்றது. எனினும் திரிபிடகம் அழியவில்லை. பிற விகாரைகளிலும் பர்மா, சியாம் முதலிய நாடுகளிலும் அதன் படிகள் இருந்தமையே அதற்குக் காரணமாகும். கணினியை வைரசினின்றும் ஊடுருவுவோரிடமிருந்தும் காப்பது பற்றி ஆராயப் புகும் நாம் இச்செய்தியை முதற்கண் மனங்கொள்ளுதல் தகும்.

இவ்வாராய்ச்சி தமிழ் பயில்வோர்க்கு எற்றுக்கு என வினவலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் இன்று நாம் ஒலிப்பதிவு செய்து மடிக்கணினியில் சேர்க்கின்றோம். பாடிய மூதாட்டி மறைந்தபின் அப்பதிவும் மறையுமாயின் மீண்டும் சென்று கேட்பதற்கு எவரும் இரார். கணினியை மீண்டும் வாங்கலாம். அதனுட் பொதிந்ததை வாங்கல் இயலாது.

வைரஸ் என்பது தன்னைத்தானே படியெடுத்துப் பிற கோப்புகளிலும் கணினிகளிலும் புகுந்து பரவும் நிரலாகும். தனியாள் கணினிகளிற் பரவிய தொடக்ககால வைரஸ்களுள் ஒன்றான ‘பிரெயின்’ 1986இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் தோன்றி, நெகிழ்வட்டுகள் வழியே உலகெங்கும் சென்றது. நெகிழ்வட்டின் இடத்தை இன்று பென் டிரைவ் பெற்றுள்ளது. அச்சுப்படி எடுக்கக் கடைக்குக் கொண்டுசென்ற பென் டிரைவ் அங்குள்ள கணினியின் நோயையும் உடன்கொண்டு மீளக்கூடும். ஆதலின் இணையத் தொடர்பற்ற கணினிக்கு நோயில்லை என்று கருதுதல் பிழையாகும். வைரஸ் எதிர்ப்பு மென்பொருளால் ஆராய்ந்த பின்னரே அதனைத் திறத்தல் வேண்டும்.

ஊடுருவுவோர் பெரும்பாலும் கணினியின் குறையையோ அதனைப் பயன்படுத்துவோரின் அயர்வையோ வாயிலாகக் கொள்கின்றனர். முன்னதற்கு 2017 மே 12இல் பரவத் தொடங்கிய ‘வன்னாகிரை’ சான்றாகும். அது கோப்புகளைப் பிறர் படிக்கவியலாத குறியீடாக மாற்றிப் பூட்டிவிட்டு, மீட்புப்பணம் கேட்டது. அது பயன்படுத்திய குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்காத கணினிகளே பெரிதும் இரையாயின. எனவே திருத்தங்களை வந்தவுடன் நிறுவுதல் முதற் கடனாம். விண்டோஸ் 10க்குரிய வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றமையை அதனை வைத்திருப்போர் நினைவிற் கொள்க. அயர்வு என்னும் மற்றைய வாயிலை அடைக்கும் வழிகளும் எளியனவே. அறியாதார் அனுப்பிய இணைப்பைத் திறவாமை, ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறான நீண்ட கடவுச்சொல் அமைத்தல், கடவுச்சொல்லோடு கைப்பேசிக் குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை ஏற்றல், விலையுள்ள மென்பொருளின் திருட்டுப்படியை நிறுவாமை என்பன அவை.

இவையனைத்தையும் செய்த பின்னரும் காவல் தவறுதல் கூடும். 2023 ஆகஸ்ட் இறுதியில் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை, கோப்புகளைப் பூட்டும் இத்தகைய நிரலொன்றின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையுள்ள காலத்துக்குரிய காப்புப்படி இல்லாமையால் அக்காலத்து மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. காலங்கடந்த மென்பொருள் பயன்பாட்டில் இருந்தமையும் அப்போது சுட்டப்பட்டது. அரசுக்கே நேர்ந்த இவ்விழப்பு ஆய்வு மாணவர் ஒருவர்க்கு நேராது என எவ்வாறு துணிவது?

ஆகவே காப்புப்படியே கணினிக் காப்பின் இறுதி அரண் என்பது எமது துணிபு. துறையறிந்தோர் இதற்கு எளிய விதியொன்றை வகுத்துள்ளனர். மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் அமைதல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். கணினியோடு எந்நேரமும் இணைந்திருக்கும் வன்தட்டு, கணினி தாக்கப்படும்போது தானும் பூட்டப்படும். படியெடுத்தவுடன் அதனைக் கழற்றி வைத்தலே முறை. இணையச் சேமிப்பும் தனித்து நம்பத்தக்கதன்று. கணினியிற் கெட்ட கோப்பு அங்கும் நல்ல கோப்பின் இடத்தைப் பற்றிக்கொள்ளக்கூடும். எடுத்த படி திறக்கின்றதா என இடையிடையே சோதித்தலும் இன்றியமையாதது.

பிறர் கணினியில் உரிமையின்றிப் புகுதல் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் இதற்கெனத் தனிப்பிரிவும் உண்டு. ஆயினும் சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். அழிந்த ஒலிப்பதிவை மீட்டுத்தராது.

அலுவிகாரையில் ஏடுகள் அழிந்தும் நூல் பிழைத்தது, படிகள் பல இடங்களிற் பரந்து கிடந்தமையாலேயே. நம்மிடமுள்ள பதிவுகளுக்கு இன்றிரவு நேர்வது யாதாயினும், நாளை அவை பிறிதோர் இடத்திற் கிடைக்குமா? இவ்வினாவுக்கு ஆம் என விடையிறுக்கக்கூடியவரே தம் கணினியைக் காத்தவராவர்.