வீட்டில் தொழில் தொடங்குமுன்

தன் காணியில் தான் விரும்பியதைச் செய்யத் தனக்கு உரிமை உண்டென்பது பலருடைய எண்ணம். உறுதி கையில் இருக்கிறது. வரியும் தவறாமற் செலுத்தப்படுகிறது. பின் யாரைக் கேட்பது என்பர். உரிமை உண்மையே. ஆனால் காணிக்கு எல்லை உண்டு. ஓசைக்கும் புகைக்கும் நெடிக்கும் எல்லையில்லை. வேலிக்கு அப்பாலும் ஒரு குடும்பம் வாழ்கிறதென்ற நினைவே நகரத் திட்டச் சட்டங்களுக்கு அடிப்படையாகும்.

இலங்கையில் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் 1915இல் இயற்றப்பட்டது. 1921இல் பாட்ரிக் கெடிஸ் என்னும் அறிஞர் கொழும்புக்கு ஒரு நகரத் திட்டம் வகுத்தார். 1946இல் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் தோன்றியது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகார சபையை நிறுவியது. அபிவிருத்திப் பிரதேசமெனப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் அனுமதியின்றி அபிவிருத்தி வேலை எதுவும் செய்யலாகாது என்பது அச்சட்டத்தின் விதி.

அபிவிருத்தி வேலை என்பது கட்டிடம் எழுப்புவது மட்டுமன்று. ஒரு கல்லையேனும் புதிதாக வையாமல், குடியிருக்கும் வீட்டைக் கடையாகவோ ஆலையாகவோ மாற்றினாலும் அது அபிவிருத்தி வேலையே. பலர் இடறி விழும் இடம் இதுவே. வளவிற் பயிரிடுவதற்கு இந்த அனுமதி வேண்டியதில்லை.

கணவனை இழந்த ஒரு பெண், வீட்டின் முன்னறையில் மிளகாய், மா அரைக்கும் இயந்திரம் அமைக்க விரும்புகிறாளென்று கொள்வோம். அவளுக்கு அது பிள்ளைகளின் சோறு. அடுத்த வீட்டு நோயாளிக்கோ அது உறக்கத்தின் கேடு. இருவரும் நியாயத்தையே பேசுகின்றனர். வலயத் திட்டம் சில பயன்களை முற்றாக அனுமதிக்கும், சிலவற்றை விலக்கும், சிலவற்றை நிபந்தனையுடன் ஏற்கும். இந்த மூன்றாம் வழியே இருவரையும் வாழவைக்கக் கூடியது.

ஆகவே இயந்திரத்துக்கு முற்பணம் கொடுக்குமுன் அவள் உள்ளூராட்சி மன்றத்துக்குச் செல்லுதல் வேண்டும். அக்காணி எந்த வலயத்தில் உள்ளது, வீதியின் அகலமும் காணியின் பரப்பும் போதுமா என்பவற்றை முதலில் அறிதல் நன்று. பின்னர் உறுதியின் பிரதி, நில அளவைப் படம், கட்டிட வரைபடம் ஆகியவற்றுடன் விண்ணப்பிக்கலாம். இயந்திரத்தின் வலு, வேலை நேரம், கழிவு செல்லும் வழி என்பவற்றை மறையாது எழுதுதல் நலம். அயலவரிடம் முன்னரே பேசிவைத்தால் பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கும்.

இரவில் இயக்கலாகாது, தூசியை அடைக்க வேண்டும், வாகனம் நிறுத்த இடம் விடவேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் விதிக்கப்படலாம். அவை வெறும் எழுத்தல்ல. அனுமதியின்றியோ நிபந்தனைக்கு மாறாகவோ நடந்தால் நிறுத்தும்படி அறிவித்தல் வரும். பணியாவிடின் விடயம் நீதவான் மன்றுவரை செல்லும். போட்ட முதலும் அதனுடன் போய்விடும். வேலை முடிந்தபின் இணக்கச் சான்றிதழ் பெறுவதும் மறக்கத்தக்கதன்று. வியாபார உரிமமும், சில தொழில்களுக்குரிய சுற்றாடற் பாதுகாப்பு உரிமமும் வேறானவை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

அனுமதி என்பது அதிகாரி அளிக்கும் சலுகையன்று. அயலவர் வாயடைக்கும் ஆயுதமுமன்று. ஒருவருடைய பிழைப்பும் மற்றவருடைய அமைதியும் ஒரே ஒழுங்கையில் இடம்பெறுவதற்கான உடன்பாடே அது. அதை முன்கூட்டியே செய்துகொள்வது அறிவுடைமை.